செம்போத்து மலைக்கு வந்த குறை

பொன்ராஜுக்கு அன்று காலை இட்லி தொண்டையில் இறங்கவில்லை. இட்லியின் மேல் குற்றமில்லை, கையிலிருந்த போன்தான் காரணம். மலையேறும் குழுவின் வாட்ஸ்அப்பில் செயலாளர் ஜெயபாரதி நான்கு வரி போட்டிருந்தார். செம்போத்து மலை கருவி வைத்து மறுபடி அளக்கப்பட்டது. தனி உயரம் 98.7 மீட்டர். ஆகவே மலைப் பட்டியலிலிருந்து குன்றுப் பட்டியலுக்கு மாற்றப்படுகிறது. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் முறைப்படி அறிவிக்கப்படும்.

"நேத்து வரைக்கும் மலையா இருந்தது, புதன்கிழமை எந்திரிச்சுப் பாத்தா குன்றாம்லா!" என்று போனை மேஜையில் போட்டார்.

"அது அங்கனதான நிக்கி? எங்கயும் நடந்து போயிரலையே. இட்லியைத் தின்னுங்க" என்றாள் மனைவி செல்வக்கனி.

சொல்வது சுலபம். அந்தக் குழுவில் இருப்பவர்களுக்குத்தான் வலி தெரியும். சென்னையிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பக்கூடிய மலைகளைப் பட்டியல் போட்டு ஏறுகிற குழு அது. எது மலை, எது குன்று என்பதற்கு அவர்களே ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்பது மட்டும் போதாது. பக்கத்தில் இருக்கும் பெரிய மலையோடு அது எந்தப் பள்ளத்தில் போய்ச் சேர்கிறதோ, அந்தக் கணவாயிலிருந்து தன் சொந்தக் காலில் எவ்வளவு எழும்பியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். அதுதான் தனி உயரம். நாற்காலி மேல் ஏறி நிற்கிற குழந்தையை யாரும் உயரமான பிள்ளை என்று சொல்வதில்லை அல்லவா? தனி உயரம் நூறு மீட்டர் இருந்தால் மலை. ஒரு விரற்கடை குறைந்தாலும் குன்று.

பொன்ராஜ் இந்த ஆறு வருஷத்தில் நூறு மலை ஏறி முடித்திருந்தார். குழுவில் முதல் ஆள். தி. நகரில் ஜவுளிக்கடை வைத்துக்கொண்டு, ஆடித் தள்ளுபடிக்கும் தீபாவளிக்கும் நடுவே ஞாயிறு ஞாயிறாகத் திருடி, முட்டிக்கு உறை மாட்டி, தைலம் தடவி ஏறிய நூறு. வருகிற ஞாயிறு மயிலாப்பூரில் ஒரு சின்ன ஹாலில் அவருக்குப் பாராட்டு விழா. அழைப்பிதழில் பெயருக்கு முன்னால் 'நூறு மலை' என்று போட்டாகிவிட்டது. சாத்தான்குளத்திலிருந்து மச்சான் குடும்பம் ரயில் டிக்கெட் எடுத்துவிட்டது. இப்போது அந்த நூறில் ஒன்று குன்றாகிவிட்டதென்றால் அவர் யார்? தொண்ணூற்றொன்பது மலை பொன்ராஜ். அதைச் சொல்லிப் பார்த்தாலே வாய் கசந்தது.

அதிலும் கொடுமை என்னவென்றால், இந்தச் சட்டத்தின் கறார் எல்லாம் அவரே கொண்டுவந்ததுதான். கே.கே. நகர் ஆனந்தகுமார் ஒருமுறை பாதி மலையில் இருக்கும் செல்போன் கோபுரம் வரை போய்விட்டு ஏறியதாக எழுதிக்கொண்டபோது, வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தவர் பொன்ராஜ். மலையின் இயற்கையான உச்சிப் பாறையைக் காலால் மிதித்தால்தான் ஏறியதாகக் கணக்கு என்று நான்காம் விதியை முன்மொழிந்து, கை தூக்கவைத்து, மினிட்ஸ் புத்தகத்தில் ஏற்றிய பிறகுதான் ஓய்ந்தார். ஆனந்தகுமார் அன்றிலிருந்து அவரைக் கண்டால் 'நாலாம் விதி வர்றாரு' என்பான்.

மறுநாள் மதியம் கடையை மேனேஜர் தலையில் கட்டிவிட்டு, ஈக்காட்டுத்தாங்கலுக்கு ஆட்டோ பிடித்தார். ஜெயபாரதியின் நில அளவை அலுவலகம் அங்கே ஒரு லேத் பட்டறையின் மாடியில் இருந்தது. பிளாட் போடுகிறவர்களுக்கும் ரோடு போடுகிறவர்களுக்கும் நிலம் அளந்து கொடுப்பது அவர் பிழைப்பு. மலை அளப்பது அவருக்குப் பிடித்திருந்த பைத்தியம். ஆட்டோ சைதாப்பேட்டையில் அரை மணி, கிண்டியில் இருபது நிமிஷம் நின்றது. ஜூன் மாத வெயில் தகரத்தின் வழியாக இறங்கி மண்டையைப் பிளந்தது. வழி நெடுக அவர் பேசவேண்டியதை ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தார். மாடிப்படி ஏறி முடிப்பதற்குள் எல்லாம் மறந்துவிட்டது.

"ஒரு மீட்டர் சொச்சம்! அதுக்காக ஒரு மலையோட மானத்தை வாங்குவீங்களா மேடம்?"

"உக்காருங்க சார். ஒண்ணு புள்ளி மூணு" என்றார் ஜெயபாரதி.

"அதைத்தான் நானும் சொல்லுதேன். நான் துணி கிழிக்கையிலே ஒரு கஸ்டமருக்கு ரெண்டு விரல் கூடவே விட்டுத்தான் கிழிப்பேன். நீங்க ஒரு மலைக்கு ஒண்ணு புள்ளி மூணு விடமாட்டீங்களா?"

"இன்னைக்கு இதுக்கு விட்டா, நாளைக்குத் தொண்ணூத்தேழு வந்து நிக்கும். அதுக்கப்புறம் தொண்ணூத்தஞ்சு."

"பழைய மேப்புல நூத்தி நாலுன்னுதானே போட்டிருக்கு? அவன் என்ன கண்ணை மூடிக்கிட்டா போட்டான்?"

"அது உயரக் கோடுகளைப் பாத்து உத்தேசமா எடுத்தது சார். இது கருவி." ஜெயபாரதி கணினியைத் திருப்பிக் காட்டினார். கணவாய் 112.4. உச்சி 211.1. "எனக்கு மட்டும் சந்தோஷமா? அந்தக் கணவாயோட ஆக மட்டமான புள்ளியைத் தேடி ரெண்டு மணி நேரம் முள்ளுக்குள்ள உக்காந்திருந்தேன். கையெல்லாம் கிழிஞ்சது. அது மலையாவே இருக்கணும்னுதான் நானும் வேண்டிக்கிட்டேன். இல்லைன்னு வந்தா நான் என்ன செய்ய?"

அளந்த அன்று பொன்ராஜும் கூட இருந்தார். கணவாயில் ஒரு கருவி, உச்சியில் ஒரு கருவி, இரண்டும் ஒரே நேரத்தில் ஓட வேண்டும். கீழ்க்கருவியோடு ஜெயபாரதி உட்கார்ந்துகொள்ள, முக்காலியையும் மேற்கருவியையும் வேன் டிரைவர் வெங்கடேஷோடு உச்சிக்குத் தூக்கிப் போனது பொன்ராஜ்தான். முட்டி கெஞ்சக் கெஞ்சத் தூக்கிப் போனார்.

"மேல முக்காலியை எந்த இடத்துல வெச்சீங்க சார்? உச்சிப் பாறையிலதானே?"

"பின்ன என் மடியிலயா வெப்பேன்? உச்சியிலதான்!" என்று கத்தினார்.

கீழே லேத் பட்டறையில் இரும்பு கிறீச்சிட்டது. ஜெயபாரதி ஒரு டம்ளர் மோரை அவர் பக்கம் நகர்த்தினார். கோபத்தில் அதைக் குடிக்காமல் எழுந்து வந்தது வேறு, ஆட்டோவில் ஏறிய பிறகு அவருக்கு எரிச்சலாக இருந்தது.

அங்கிருந்து நேராக ராயப்பேட்டைக்குப் போனார். ஷஃபியுல்லாவின் பிளெக்ஸ் கடையில் விழாவுக்கான பேனர் தயாராகியிருந்தது. வேண்டாம், நிறுத்து என்று சொல்லத்தான் போனார். ஷஃபியுல்லாவும் குழுவில் ஒருவர், தொண்ணூற்றேழு மலை ஏறியவர். மூன்று தலைமுறையாக ராயப்பேட்டைக்காரர். பொன்ராஜுக்கு அடுத்த இடம் அவருக்குத்தான். இரண்டு பேரும் போட்டி போட்டுக்கொண்டே ஒரே வேனில் போய் ஒரே டப்பாவில் சாப்பிடுகிறவர்கள்.

"வாங்க அண்ணாச்சி. சோக்கா வந்துகீது பாருங்க" என்று ஷஃபியுல்லா பேனரைச் சுவரோரம் விரித்துப் பிடித்தார்.

எட்டடிக்கு ஆறடி. செம்போத்து மலையில் வெங்கடேஷ் எடுத்த படம்தான். முருகன் கோயில் முற்றத்துப் பாறையில் முக்காலி. பக்கத்தில் இடுப்பில் கைவைத்து, மூச்சுப் பிடித்துத் தொப்பையை உள்ளே இழுத்துக்கொண்டு பொன்ராஜ். முதுகுக்குப் பின்னால் சின்னக் கருவறை. அதற்கும் பின்னால், கருவறையின் கலசத்துக்கும் மேலே, ஒரு கரும்பாறை எழும்பி நின்றது. அதன் உச்சந்தலையில் நாலு காலையும் ஒன்றாகக் குவித்து ஓர் ஆடு.

"ஒரே ஒரு மேட்டர்தான் அண்ணாச்சி. இந்த ஆட்டைத் தூக்கிடட்டா? உங்களுக்கு மேல நின்னுகினு கீது. பாக்கறவன் இன்னா நெனைப்பான்?"

பொன்ராஜ் ஆட்டைப் பார்த்தார். போனில் ஐம்பது தடவை பார்த்த படம்தான். போனில் அது ஒரு புள்ளி. இங்கே கண்ணும் கொம்புமாக முழு ஆடு, அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. அதன் காலடியில் இருந்த பாறை முற்றத்திலிருந்து குறைந்தது பத்தடி.

பத்தடி என்றால் மூன்று மீட்டர்.

அடிவயிற்றிலிருந்து ஒரு சந்தோஷம் கிளம்பியது. மலை பிழைத்தது! குறைந்தது ஒன்று புள்ளி மூன்றுதானே? இங்கே மூன்று மீட்டர் சும்மா கிடக்கிறது! ஜெயபாரதியின் எண்ணைத் தேடிப் போட்டுவிட்டார். ஒரு ரிங் போனதும் அதே வேகத்தில் துண்டித்தார்.

முக்காலி முற்றத்தில் நின்றதென்றால், அவரும் முற்றத்தில்தானே நின்றார்?

அவர் அந்தப் பாறையில் ஏறவில்லை. ஏற வேண்டும் என்று தோன்றக்கூட இல்லை. சாமி தலைக்கு மேலே காலை வைப்பதா? சின்ன வயதிலிருந்து மலைக்கோயில் என்றால் அவருக்குக் கோயிலோடு மலை முடிந்துவிடும். செருப்பைக் கழற்றி, கும்பிட்டு, மூன்று சுற்றுச் சுற்றி, விபூதி வாங்கிக்கொண்டு இறங்குவார். கோயிலுக்கு மேலே இருப்பது அவர் கணக்கில் மலையே இல்லை, அது சாமியின் இடம். ஜெயபாரதியிடம் 'உச்சியிலதான்' என்று அவர் கத்தியதில் ஒரு துளி பொய் கிடையாது. அதுதான் அவரை இன்னும் வெறுப்பேற்றியது.

"அண்ணாச்சி? ஆட்டைத் தூக்கவா, வாணாமா?"

ஷஃபியுல்லாவும் பேனரையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகமும் என்னவோ போல இருந்தது. பொன்ராஜ் அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை.

"இருக்கட்டும் பாய். ஆடு இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

வெள்ளி, சனி இரண்டு நாளும் கடையில் அவர் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து, பழைய பில் ஒன்றின் முதுகில் மலைகளின் பெயரை எழுதிக்கொண்டிருந்தார். கோயில் இருக்கிற மலை, கோயிலுக்குப் பின்னால் இன்னும் உயரமாகப் பாறை இருக்கிற மலை. ஒவ்வொன்றாக நினைவுக்கு வர வரப் பட்டியல் நீண்டது. இருபத்து மூன்று. அப்படியானால் நாலாம் விதிப்படி அவர் ஏறியது எழுபத்தேழு. ஆனந்தகுமார் கோபுரம் வரை போனதற்கும் இவர் கோயில் வரை போனதற்கும் விதியின் கண்ணில் ஒரு வித்தியாசமும் இல்லை.

பேசாமல் இருந்தால்? செம்போத்து மலை குன்றாகும். அவருக்குத் தொண்ணூற்றொன்பது. அடுத்த வாரமே கோயில் இல்லாத மொட்டை மலை ஒன்றைப் பார்த்து ஏறி நூறாக்கிவிடலாம். மச்சானுக்கு விழா இரண்டு வாரம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். யாருக்கும் தெரியாது. பேசினால் மலை பிழைக்கும், இவர் போவார். போவதென்றால் எழுபத்தேழோடு நிற்பது மட்டுமில்லை. அந்த இருபத்து மூன்று பாறைகளில் இந்த ஜென்மத்தில் அவர் கால் வைக்கப்போவதில்லை. ஆகவே நூறு என்பது அவருக்கு இனி எப்போதுமே கிடையாது.

"மலை விஷயம் என்னாச்சு?" என்றாள் செல்வக்கனி, சனிக்கிழமை சாயங்காலம்.

அவளிடம் எல்லாவற்றையும் சொன்னார். ஏதாவது சொல்லித் தேற்றுவாள் என்று எதிர்பார்த்தார்.

"இதை அந்தப் பொம்பளைகிட்ட சொன்னீங்களா? அவ கையைக் கிழிச்சுக்கிட்டு அளந்திருக்கா" என்றாள்.

தேற்றுகிறாளாம், தேற்றுகிறாள்.

ஞாயிறு காலை மயிலாப்பூர் ஹாலில் முப்பது பேர் இருந்தார்கள். மச்சான் குடும்பம் முதல் வரிசையில் பட்டுச்சேலையும் சந்தனமுமாக உட்கார்ந்திருந்தது. மேடைக்குப் பின்னால் பேனர் கட்டியிருந்தது, ஆட்டோடு. ஜெயபாரதி காகிதத்தோடு எழுந்து, "பாராட்டுக்கு முன்னாடி ஒரு வருத்தமான அறிவிப்பு" என்று ஆரம்பித்தார்.

"வருத்தமும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்!" என்று பொன்ராஜ் எழுந்தார். குரல் அவர் நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது. "மலையில குறை இல்ல. என்கிட்டதான் குறை. முக்காலியை நான் கோயில் முத்தத்துல வெச்சேன். உச்சி அந்தா, அந்த ஆடு நிக்குல்லா, அதுதான். பத்தடி கூட இருக்கும். நான் அங்க ஏறல. சாமி தலைக்கு மேல நான் ஏறமாட்டேன், இனிமேலும் ஏறமாட்டேன். இதே மாதிரி இருபத்து மூணு மலை. எழுதிக்கொண்டாந்திருக்கேன். என் கணக்கு எழுபத்தேழு. போதுமா? சால்வையை மடிச்சு வையுங்க."

முதல் வரிசையில் மச்சான் தன் மனைவியிடம், "நூறுன்னுல்லா கார்டுல போட்டிருந்தாரு?" என்றது கடைசி வரிசை வரை கேட்டது. ஆனந்தகுமார் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினான். சிரிக்கட்டும், சிரிக்க அவனுக்கு உரிமை இருக்கிறது என்று பொன்ராஜ் பல்லைக் கடித்தார்.

அப்போது ஷஃபியுல்லா எழுந்தார்.

"அண்ணாச்சி, உங்களுதாவது முத்தம். நானு செருப்பு வுடற எடத்தோட நின்னுக்குவேன். உங்க சாமி இருக்கற எடம், நாம போயி மேல ஏறி நிக்கறது மரியாதையா இருக்குமா? நீங்க கும்புட்டு வர்ற வரைக்கும் அங்கயே குந்திகினு இருப்பேன். பேனரைப் பாத்தப்பவே எனக்குத் திக்குனு ஆயிடுச்சு. என் கணக்கு எழுபதுகூடத் தேறாது."

ஹால் முழுக்கச் சிரிப்பு வெடித்தது. சிரிக்காதவர் ஜெயபாரதி ஒருவர்தான். அவர் கையிலிருந்த காகிதத்தை மெதுவாக நாலாக மடித்தார்.

"பொன்ராஜ் சார், உங்ககிட்ட முக்காலியைக் குடுத்து எத்தனை மலை அளந்திருக்கேன் தெரியுமா?"

பொன்ராஜுக்கு அது வரை அது உறைக்கவே இல்லை. தன் நூறு, தன் எழுபத்தேழு என்றே இரண்டு நாளாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்.

"பதினொண்ணு" என்றார் ஜெயபாரதி. "அதுல கோயில் மலை எத்தனையோ, அத்தனையும் தப்பு. நாலு வருஷ ஞாயித்துக்கிழமை சார்! ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, 'மேல பாறை இருக்கு மேடம், நான் ஏறமாட்டேன்'னு சொல்லியிருக்கக் கூடாதா? நான் ஏறியிருப்பேனே!"

பொன்ராஜுக்கு நிஜமாகவே வெட்கமாக இருந்தது. நூறு போனபோதுகூட இவ்வளவு வலிக்கவில்லை.

"எல்லாத்தையும் மறுபடி அளக்க நான் வேன் கொண்டாரேன். முக்காலியைத் தூக்கிட்டும் வாரேன், கோயில் வரைக்கும்" என்றார்.

ஆடி மாதம் முதல் ஞாயிறு செம்போத்து மலைக்குப் போனார்கள். கணவாயில் கீழ்க்கருவியோடு இந்த முறை ஷஃபியுல்லா உட்கார்ந்தார். காற்று ஆளைத் தள்ளியது. பொன்ராஜ் முக்காலியை முற்றம் வரை சுமந்து, ஜெயபாரதியின் கையில் கொடுத்துவிட்டுத் தூண் ஓரம் உட்கார்ந்தார். ஜெயபாரதி செருப்பில்லாமல், கருவறையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் பாறையில் ஏறினார். அங்கே நின்றிருந்த ஆடு வேண்டாவெறுப்பாக இறங்கி வழிவிட்டது.

கோயிலைத் திறக்க வந்திருந்த பூசாரி தட்டோடு வந்தார். "நீங்க ஏறலையா? முட்டியா?"

"முட்டி இல்ல சாமி. சாமி தலைக்கு மேல ஏறப்படாதுல்லா?"

"யாரு சொன்னது? கார்த்திகைக்கு நான்தானே ஏறிப்போயி விளக்கு ஏத்தறேன். வருஷா வருஷம் ஊரே மேலதான் நிக்கும்."

பொன்ராஜ் பூசாரியை ஏற இறங்கப் பார்த்தார். இதை ஆறு வருஷத்தில் ஒரு மனுஷன் சொல்லவில்லை! இருபத்து மூன்று மலை, நூறு, அழைப்பிதழ், மச்சான் குடும்பம், எல்லாம் ஒரு நொடியில் கண்முன் வந்து போயின. தாவி ஏறினால் பத்தடிதான். காலை ஊன்றி எழுந்தேவிட்டார். கருவறையைச் சுற்றிப் பின்பக்கம் போய், பாறையில் கையும் வைத்தார். வெயிலில் சுட்டது.

அப்படியே கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு திரும்பி வந்தார்.

"என்ன, ஏறலையா?" என்றார் பூசாரி.

"நீங்க விளக்கேத்த ஏறுதீங்க சாமி. நான் எண்ணிக்கைக்குல்லா ஏறணும்" என்றார். சொன்ன பிறகு, ஆறு வருஷமாகக் குறுகுறுத்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்று நெஞ்சில் அடங்கினாற்போல இருந்தது. ஆனாலும் எரிச்சல் போகவில்லை. அந்த ஆடு இப்போது அவர் பக்கத்தில் வந்து விபூதித் தட்டை முகர்ந்துகொண்டிருந்தது.

இரண்டு மணி நேரம் கழித்து, கீழ்க்கருவியின் கணக்கை ஷஃபியுல்லா போனில் சொல்ல, மேலே ஜெயபாரதி கூட்டிக் கழித்துப் பார்த்தார். பிறகு பாறை விளிம்புக்கு வந்து இரண்டு கைகளையும் வாயருகே குவித்தார்.

"சார்! நூத்தி ஒண்ணு! மலைதான்!"

பொன்ராஜின் கண் நிறைந்துவிட்டது. தோள்துண்டால் துடைத்துக்கொண்டு, காற்றை மீறிக் கேட்கும்படி அண்ணாந்து கத்தினார்.

"வெறும் நூத்தி ஒண்ணுன்னா எப்படி மேடம்? புள்ளிக்கு அப்புறம் என்ன? அதைச் சொல்லுங்க!"